பி.சி.ஜி. புண் ஆறாத குழந்தை: ஐ.எல்-12 சேதி எட்டாத உதவி டி செல்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

மதுரை மாவட்டத்தின் மேற்கே, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த ஆண் குழந்தையின் நோய் வரலாறு இது. பெற்றோரின் சம்மதத்தோடு எழுதப்படுகிறது. ஊர், ஆண்டு, மருத்துவமனை எதற்கும் பெயர் சொல்லவில்லை. மதுரையில் குழந்தையைப் பார்த்த குழுவில் நானும் இருந்தேன். நோய் எதிர்ப்பியலைத் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துபோன மருத்துவர்களையும், பிறந்த குழந்தைக்கு ஊசி போடும் செவிலியர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

பின்னணி

தாய்க்கு வயது 24. கணவர் அவருடைய தாய்மாமன். அதாவது குழந்தையின் அப்பத்தாவும், அம்மாச்சியைப் பெற்றவரும் ஒரே ஆள். குடும்ப வரைபடம் போட உட்கார்ந்த பயிற்சி மருத்துவர் அழித்து அழித்து வரைந்த பிறகுதான் கோடுகள் சரியாக வந்து சேர்ந்தன. இந்தப் பக்கத்தில் இது அதிசயம் அல்ல. சொத்தும் சொந்தமும் விட்டுப்போகாமல் இருக்கக் கட்டிக் கொடுப்பது பழைய வழக்கம். மரபியல் கணக்கில் மட்டும் அதற்கு ஓர் எடை உண்டு. தாய்மாமனைக் கட்டிய பெண்ணின் குழந்தையில், ஏதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் அது பதினாறில் ஒன்று.

வீட்டில் மூத்தது ஆறு வயதுப் பெண். நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள் என்று முதல் நாள் எழுதிக்கொண்டோம். குடும்பத்தில் யாருக்கும் காசநோய் இருந்ததில்லை.

பிறந்தது முதல் ஒன்பதாம் மாதம் வரை

சுகப்பிரசவம். பிறந்த மறுநாள் வழக்கம்போல இடது கை மேற்புறத்தில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போடப்பட்டது. அந்த ஊசி போட்ட இடத்தில் இரண்டு மூன்று வாரத்தில் சின்னக் கொப்புளம் வந்து, உடைந்து, மூன்று மாதத்துக்குள் தழும்பாகிவிடுவது இயல்பு. இந்தக் குழந்தைக்குக் கொப்புளம் வந்தது; புண் ஆறவில்லை.

மூன்றாம் மாதம் இடது கக்கத்தில் நெறி கட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், தானாக வற்றிவிடும், காத்திருங்கள் என்றார்கள். அந்த நேரத்துக்கு அது சரியான ஆலோசனைதான். பி.சி.ஜி.க்குப் பிறகு ஊசி போட்ட பக்கத்துக் கக்கத்தில் மட்டும் நெறி கட்டி, குழந்தை நன்றாகப் பால் குடித்து எடையும் ஏறிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் எந்த மருந்தும் இல்லாமலே வற்றிப்போகும்.

ஐந்தாம் மாதம் அது சீழ் கோத்தது. ஓர் இடத்தில் கீறி எடுத்தார்கள். கீறிய வாய் மூடவே இல்லை, கசிந்துகொண்டே இருந்தது. நடுவில் பச்சிலை வைத்துக் கட்டியதும் உண்டு. ஆறாம் மாதம் அந்தச் சீழில் கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் சோதனை செய்தபோது, காசநோய்க் கிருமித் தொகுதி இருக்கிறது, ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை என்று முடிவு வந்தது. காசநோய் என்று நான்கு மருந்துச் சிகிச்சை தொடங்கினார்கள். மருந்தைப் பெற்றோர் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. மாத்திரை அட்டைகளைப் பையில் சேர்த்து வைத்திருந்தார்கள். அப்படியும் மூன்று மாதத்தில் காய்ச்சல் நிற்கவில்லை, கழுத்திலும் நெறி கட்டியது, வயிறு உப்பிக்கொண்டு வந்தது.

மதுரைக்கு வந்தபோது

ஒன்பது மாதம், எடை 6.1 கிலோ. அந்த வயது ஆண் குழந்தைக்கு 9 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். இடது கக்கத்தில் கசியும் புண், கழுத்தின் இரண்டு பக்கமும் நெறிகள், விலா எலும்புக்குக் கீழே தட்டுப்படும் கல்லீரலும் மண்ணீரலும். வயிற்று ஸ்கேனில் உள்ளேயும் நெறிகள். மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. நாக்கிலும் கன்னத்தின் உட்புறமும் வெள்ளைப் படலம், காண்டிடா பூஞ்சை. இவ்வளவு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட குழந்தைக்கு அது வருவது சாதாரணம் என்று யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

முதல் கேள்வி, இது எந்தக் கிருமி என்பது. சி.பி.நாட் சோதனையால் மனிதக் காசநோய்க் கிருமியையும் பி.சி.ஜி.யையும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. பி.சி.ஜி. உருவான வழியில் ஆர்.டி.1 என்ற மரபணுத் துண்டை இழந்துவிட்டது. அந்தத் துண்டைத் தேடும் சோதனைக்குச் சீழை அனுப்பினோம். துண்டு இல்லை. ஆக உடம்பெங்கும் பரவியிருந்தது தடுப்பூசிக் கிருமியேதான்.

இரண்டாவது கேள்வி, ஏன் பரவியது? பலவீனப்படுத்தப்பட்ட கிருமி ஒரு குழந்தையின் கல்லீரல்வரை போகிறது என்றால், கோளாறு ஊசியில் இருக்க வாய்ப்பு குறைவு. குழந்தையின் எதிர்ப்பில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. எச்.ஐ.வி. இல்லை. வெள்ளணு எண்ணிக்கை சரி. டி செல், பி செல், என்.கே. செல் எல்லாம் வயதுக்கு ஏற்ற அளவில் இருந்தன. ஆகவே டி செல்லே இல்லாமல் பிறக்கும் கடும் குறைபாடு இல்லை. விழுங்கு செல்கள் ஆக்சிஜனைக் கொண்டு கிருமியைக் கொல்லும் திறனைப் பார்க்கும் டி.எச்.ஆர். சோதனையும் சரியாக இருந்தது. இம்யூனோகுளோபுலின்கள் குறையவில்லை, கூடத்தான் இருந்தன.

பயாப்சி மட்டும் கொஞ்சம் பேசியது. நெறியில் நன்றாக உருண்டு திரண்ட கிரானுலோமாக்கள், அதாவது கிருமியை வளைத்துக் கட்டும் செல் திரள்கள், இருந்தன, கிருமிகள் ஒன்றிரண்டுதான். விழுங்கு செல்களுக்கு, டி செல்கள் விடும் சேதிப் புரதமான இன்டர்ஃபெரான் காமாவின் சேதி அறவே எட்டாத குழந்தைகளில் கிரானுலோமா சரியாக உருவாகாது, கிருமிகள் மொய்த்துக் கிடக்கும். இங்கே அப்படி இல்லை.

இன்னொரு தடயம் பழைய கோப்பில் கிடந்தது. வெளியில் யாரோ ஐ.ஜி.ஆர்.ஏ. சோதனை எழுதியிருக்கிறார்கள். ரத்தத்தைக் காசநோய்ப் புரதங்களோடு சேர்த்து வைத்து, டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா விடுகின்றனவா என்று பார்க்கும் சோதனை அது. முடிவு 'தீர்மானிக்க இயலாது'. காசநோய்ப் புரதம் உள்ள குழாயில் எதுவும் வராதது எதிர்பார்த்ததே. சோதனைக்குப் பயன்படும் அந்தப் புரதங்களின் மரபணு பி.சி.ஜி. தொலைத்த ஆர்.டி.1 துண்டில்தான் இருக்கிறது. கவனிக்க வேண்டியது கட்டுப்பாட்டுக் குழாய். எல்லா டி செல்களையும் உசுப்பிவிடும் பொருள் அதில் இருக்கும். யார் ரத்தமாக இருந்தாலும் இன்டர்ஃபெரான் காமா கொட்ட வேண்டும். இந்தக் குழந்தையின் ரத்தத்தில் சொற்பமாகவே வந்தது. நோயுற்ற சிறு குழந்தைகளில் இப்படி ஆவது உண்டு, மாதிரி வெயிலில் கெட்டிருந்தாலும் ஆகும். அதனால் இதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஆனால் அடுத்து எங்கே தோண்டுவது என்று காட்டியது.

உதவி டி செல்லுக்கு வழி சொல்வது யார்

இங்கே கொஞ்சம் நின்று, பாடத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

தைமஸிலிருந்து புறப்படும் சி.டி.4 டி செல்லுக்கு (உதவி டி செல் என்பது இதுதான்) தன் ஆன்டிஜென் எது, அதாவது தான் அடையாளம் காண வேண்டிய கிருமித் துண்டு எது, என்பது மட்டும் தெரியும். அதைப் பார்த்தால் என்ன செய்வது என்பது தெரியாது. அதை முடிவு செய்வது, ஆன்டிஜெனைக் காட்டும் செல்லும் சுற்றுப்புறமும் அந்த நேரத்தில் விடும் சைட்டோகைன்கள் என்ற சேதிப் புரதங்கள். அப்படிக் காட்டும் டென்ட்ரிட்டிக் செல், காசநோய்க் கிருமியின் இனமான மைக்கோபாக்டீரியாவை விழுங்கியிருந்தால் ஐ.எல்-12 என்ற சைட்டோகைனை விடும். அது டி செல்லின் மேலுள்ள ஏற்பியில் உட்கார்ந்ததும், உள்ளே ஜாக்-2, டைக்-2 என்ற நொதிகள் விழித்து ஸ்டாட்-4 புரதத்தில் பாஸ்பேட் ஏற்றுகின்றன. ஸ்டாட்-4 செல்லின் உட்கருவுக்குள் போகிறது, டி-பெட் என்ற ஆணைப் புரதம் நிலைபெறுகிறது, செல் டி.எச்.1 என்ற வகை உதவி செல் ஆகிறது. டி.எச்.1 செல்லின் முக்கிய விளைச்சல் இன்டர்ஃபெரான் காமா. அது திரும்ப விழுங்கு செல்லிடம் போய், ஸ்டாட்-1 வழியாக அதை உசுப்பி, வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்ல வைக்கிறது. கூடவே மேலும் ஐ.எல்-12 விடவும் வைக்கிறது. இரண்டு செல்களும் ஒன்றையொன்று ஏற்றிவிடும் சுழல் இது.

சுற்றுப்புறத்தில் ஐ.எல்-4 இருந்தால் அதே செல் ஸ்டாட்-6, காட்டா-3 வழியில் டி.எச்.2 ஆகி, குடற்புழுவோடு மல்லுக்கட்டவும் ஒவ்வாமையைக் கிளப்பவும் போகும். டி.ஜி.எஃப். பீட்டாவோடு ஐ.எல்-6 சேர்ந்தால் ஸ்டாட்-3 வழியே டி.எச்.17, அதைத் தக்கவைத்து வளர்ப்பது ஐ.எல்-23. தோலிலும் சளிப்படலத்திலும் பூஞ்சையைத் தடுக்கும் ஐ.எல்-17 அங்கிருந்துதான் வருகிறது. அதே டி.ஜி.எஃப். பீட்டா, ஐ.எல்-6 இல்லாமல் ஐ.எல்-2வோடு வந்தால் ஃபாக்ஸ்-பி-3 கொண்ட அடக்கும் செல் உருவாகிறது. பி செல்லுக்கு உதவப் போகும் நுண்ணறை உதவி செல்லுக்கு ஐ.எல்-6, ஐ.எல்-21, பி.சி.எல்-6 என்று தனி வழி.

டி.எச்.1, டி.எச்.2 என்ற பிரிவை 1986இல் மோஸ்மன், காஃப்மன் குழுவினர் எலிகளின் டி செல்களில் காட்டினார்கள். டி.எச்.17 தனி வகை என்று ஏற்கப்பட்டது 2005 வாக்கில். பாடப் புத்தகத்தில் இவை கட்டம் கட்டி வைத்தாற்போல இருக்கும். மனித உடம்பில் அவ்வளவு கறார் இல்லை. ஒரு வகைச் செல் சூழலுக்குத் தக்க இன்னொரு வகையின் குணத்தைக் காட்டும். இன்டர்ஃபெரான் காமாவே டி-பெட்டைத் தூண்டும், என்.கே. செல்களும் அதை விடும். ஐ.எல்-12 இல்லாவிட்டால் டி.எச்.1 பலவீனப்படும், முற்றாக மறையாது. பிற்பாடு அக்காவைப் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

இந்தச் சுழலில் எந்தக் கண்ணி விட்டாலும் பி.சி.ஜி. போன்ற பலவீனமான மைக்கோபாக்டீரியாவே உடம்பை ஆக்கிரமித்துவிடும். இன்டர்ஃபெரான் காமா ஏற்பிக் குறைபாடு 1996இலும், ஐ.எல்-12 ஏற்பியின் பீட்டா-1 பகுதியின் குறைபாடு 1998இலும் மனிதர்களில் விவரிக்கப்பட்டன. இவர்களின் செல் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நாம் வழக்கமாக எழுதும் சோதனைகள் எல்லாம் எண்ணிக்கையைப் பார்ப்பவை. சேதி போய்ச் சேர்கிறதா என்று அவை பார்ப்பதில்லை.

காத்திருக்கும்போது எடுத்த முடிவுகள்

விடை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. பைராசினமைடை முதலில் நிறுத்தினோம். பி.சி.ஜி. கிருமிக்கு அந்த மருந்து பிறவியிலேயே வேலை செய்யாது. கல்லீரலுக்குத் தொல்லை மட்டும் மிச்சம். நடைமுறையில் ஒரு சிக்கல் இருந்தது. குழந்தைகளுக்கான கூட்டு மாத்திரையில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் மூன்றும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் பின்கட்டத்துக்கான இருமருந்து மாத்திரைக்கு மாற்றி, எத்தாம்புடாலையும் லெவோஃப்ளாக்சசினையும் தனியாகச் சேர்த்தோம். கக்கத்தை இனிக் கீறக் கூடாது, சீழ் கோத்தால் ஊசியால் மட்டும் உறிஞ்சலாம் என்று எழுதிவைத்தோம். பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல்.

இன்டர்ஃபெரான் காமா ஊசியை அப்போதே தொடங்கலாமா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்று தள்ளியதற்குக் காரணம் உண்டு. ஓட்டை இன்டர்ஃபெரான் காமாவின் ஏற்பியிலேயே இருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் பயன் இருக்காது. அந்தக் குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுதான் வழி. பயாப்சி அதற்கு எதிராகச் சொன்னது உண்மை. ஆனால் பயாப்சியை மட்டும் நம்பி, ஓர் ஏழைக் குடும்பத்தை விலை உயர்ந்த ஊசிக்கு இழுக்க மனம் வரவில்லை.

ரத்தம் அனுப்பியது

செல்கள் சேதியைக் கேட்கின்றனவா என்று பார்க்க உயிருள்ள செல்கள் வேண்டும். ஹெப்பாரின் குழாயில் எடுத்து, ஐஸில் வைக்காமல் அறை வெப்பத்திலேயே ஒரு நாளைக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில் அறை வெப்பம் என்ற சொல்லுக்கே பொருள் கிடையாது. மாலையில் ரத்தம் எடுத்து, பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஆள் கையில் கொடுத்துச் சென்னைக்கு அனுப்புவது என்று ஏற்பாடானது. குழந்தையின் குழாயோடு, அதே நேரத்தில் எடுத்த ஆரோக்கியமான பணியாளர் ஒருவரின் ரத்தமும் அதே பெட்டியில் போனது.

முதல் தடவை குழந்தையின் செல்கள் எதற்கும் அசையவில்லை என்று சொன்னார்கள். கூடப்போன பணியாளரின் செல்களும் அசையவில்லை. பெட்டி எங்கேயோ சூடாகியிருக்கிறது. இரண்டாவது குழாய் போயிருக்காவிட்டால், இல்லாத ஒரு கொடிய நோயைக் குழந்தையின் தலையில் கட்டியிருப்போம். வெளியூர் ஆய்வகத்துக்குச் செயல்திறன் சோதனை அனுப்பும் யாரும் இந்தக் கூடுதல் குழாயை விட்டுவிடக் கூடாது.

மறுமுறை அனுப்பியது தெளிவாக வந்தது. ரத்தத்தை பி.சி.ஜி.யோடு சேர்த்து வைத்தபோது குழந்தையின் இன்டர்ஃபெரான் காமா குறைவு. கூடவே ஐ.எல்-12 ஊற்றியபோது பணியாளரின் ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறியது. குழந்தையின் ரத்தத்தில் ஏறவே இல்லை. பி.சி.ஜி.யோடு இன்டர்ஃபெரான் காமா ஊற்றியபோது குழந்தையின் விழுங்கு செல்கள் பணியாளரின் செல்களைப் போலவே ஐ.எல்-12 விட்டன. அப்படியானால் விழுங்கு செல் சேதி அனுப்புகிறது, திரும்பி வரும் சேதியையும் கேட்கிறது. டி செல் பக்கம்தான் அடைப்பு.

உசுப்பிய டி செல்களின் மேற்பரப்பில் ஐ.எல்-12 ஏற்பியின் பீட்டா-1 பகுதி அறவே இல்லை. ஐ.எல்-12 கொடுத்தால் ஸ்டாட்-4இல் பாஸ்பேட் ஏறவில்லை. வேறொரு சேதிப் புரதமான இன்டர்ஃபெரான் ஆல்ஃபா கொடுத்தால் ஏறியது. ஆக ஸ்டாட்-4 பழுதில்லை. மரபணுச் சோதனை கடைசியாக வந்து இதை உறுதிசெய்தது: பீட்டா-1 பகுதிக்கான ஐ.எல்.12.ஆர்.பி.1 மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் புரதத்தைப் பாதியில் வெட்டிவிடும் ஒரே மாற்றம். தாய் தகப்பன் இருவரிடமும் ஒவ்வொரு பிரதி.

வாயில் படர்ந்த பூஞ்சைப் புண்ணுக்கும் விடை அதிலேயே இருந்தது. பீட்டா-1 பகுதி ஐ.எல்-23 ஏற்பிக்கும் பொது. அது இல்லாத செல்லுக்கு டி.எச்.17 வழியும் பாதி அடைபட்டுவிடும்.

ஊசி

இதற்குள் குழந்தைக்குப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. மருந்து மாற்றியதில் காய்ச்சல் தணிந்திருந்தாலும் நெறிகள் சுருங்கவில்லை, எடை அரைக் கிலோகூட ஏறவில்லை. இப்போது இன்டர்ஃபெரான் காமா கொடுப்பதில் தயக்கம் இல்லை. டி செல் அதைத் தயாரிக்க மறுக்கிறது. வாங்கிக்கொள்ளும் விழுங்கு செல் தயாராக இருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்று இந்தக் குறைபாட்டுக்குப் பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

தகப்பனிடம் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் பாதியிலேயே நிறுத்தி, "கம்மாயில தண்ணி கெடக்கு, மடைதான் தொறக்கல. நீங்க மோட்டார் வச்சு நேரா வயலுக்கு இறைக்கப் போறீங்க. அதானே சார்?" என்றார். அதேதான். அடுத்து அவரே, "மோட்டார நிறுத்துனா?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் இருந்த பதில், கிருமி ஒடுங்கும்வரை இறைக்க வேண்டும், பிறகு நிறுத்திப் பார்க்கலாம் என்பது மட்டுமே.

உடல் பரப்பு அரை சதுர மீட்டருக்குக் கீழே உள்ள குழந்தை என்பதால் கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம் கணக்கில், வாரம் மூன்று முறை தோலுக்கடியில் ஊசி. மருந்துச் செலவின் பெரும்பகுதி நன்கொடையில் கிடைத்தது. வைக்கும் இடம்தான் பிரச்சினையானது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியில் தடுப்பூசி தவிர வேறு மருந்து வைக்க அனுமதி இல்லை. அது நல்ல விதிதான், அதை வளைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. பக்கத்து டவுன் மருந்துக்கடைக்காரர் தன் ஃபிரிட்ஜில் ஒரு தட்டை ஒதுக்கித் தந்தார். தகப்பன் அங்கிருந்து பிளாஸ்கில் எடுத்துவர, ஊரிலிருந்த ஓய்வுபெற்ற செவிலியர் போட்டார். ஊசி அன்று இரவு காய்ச்சல் அடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, பாராசிட்டமால் அளவும் எழுதிக் கொடுத்திருந்தோம். சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டாவது ஊசியோடு நிறுத்தியிருப்பார்கள் என்று அப்பத்தாவே பின்னால் சொன்னார்.

இரண்டு மாதத்தில் கக்கத்துப் புண் வறண்டது. நான்கு மாதத்தில் கழுத்து நெறிகள் கையில் தடவினால்தான் தெரிந்தன. எடை 8 கிலோவைத் தாண்டியது.

சால்மொனெல்லா

பதினைந்தாம் மாதம் திடீரென்று கடும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. பி.சி.ஜி. திரும்பிவிட்டது என்று வீட்டில் பயந்துபோனார்கள். ரத்தக் கல்ச்சரில் வளர்ந்தது டைஃபாய்டு அல்லாத சால்மொனெல்லா.

இது ஓரளவு எதிர்பார்த்ததே. 2010இல் வெளியான, 30 நாடுகளைச் சேர்ந்த 141 பேரைப் பற்றிய தொகுப்பில், இந்தக் குறைபாடு உள்ளவர்களைத் தாக்குவன முக்கியமாக இரண்டு என்று தெரிந்தது: பி.சி.ஜி., சால்மொனெல்லா. ஒருமுறை அடங்கிய பி.சி.ஜி. நோய் பொதுவாகத் திரும்புவதில்லை. சால்மொனெல்லா திரும்பத் திரும்ப வரும். அதுவும் விழுங்கு செல்லுக்குள் ஒளியும் கிருமிதான். செஃப்ட்ரியாக்சோன் கொடுத்து, வழக்கத்தைவிட நீண்ட நாள் மருந்து தொடர்ந்தோம்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்த சமூகப் பணியாளர் சொன்னவை மருந்துச் சீட்டைவிடப் பயன்பட்டன. முற்றத்தில் நாட்டுக்கோழி, தவழும் குழந்தை, ஒரே அரிவாள்மணையில் கறியும் காயும். வலு ஏற வேண்டும் என்று அரை வேக்காட்டு முட்டை ஊட்டியிருக்கிறார்கள். கோழிக்குத் தனி அடைப்பு, கறிக்குத் தனிக் கத்தி, முட்டை நன்றாக வெந்தது மட்டும், தண்ணீர் கொதிக்க வைத்து. கோழி வளர்ப்பதை விடச் சொல்லவில்லை, சொன்னாலும் நடக்காது.

அக்கா

மரபணு முடிவு வந்ததும் மூத்த பெண்ணின் ரத்தத்தையும் எடுத்திருந்தோம். அவளுக்கும் இரண்டு பிரதிகளிலும் அதே மாற்றம். கையில் அழகான பி.சி.ஜி. தழும்பு, வயதுக்கேற்ற எடை. தோண்டிக் கேட்டபோது, நான்கு வயதிலும் ஐந்து வயதிலும் "டைஃபாய்டு" என்று மருந்து சாப்பிட்டது தெரிந்தது. விடால் சோதனை மட்டும் பார்த்திருக்கிறார்கள், கல்ச்சர் இல்லை.

"இவளுக்கு ஒண்ணும் செய்யலையே தாயி, அவனுக்கு மட்டும் ஏன்?" என்று அப்பத்தா எங்கள் குழுவின் பெண் மருத்துவரிடம் கேட்டார். ஒரே மாற்றம் இருந்தும் உடன்பிறந்தவர்களில் ஒருவர் படுத்துவிட, இன்னொருவர் ஓடியாடித் திரிவது இந்தக் குறைபாட்டில் பலமுறை பதிவாகியிருக்கிறது. ஐ.எல்-12 இல்லாமலும் கொஞ்சம் இன்டர்ஃபெரான் காமா உண்டாகும். சிலருக்கு அந்தக் கொஞ்சமே போதுகிறது. பெண்ணுக்கு எந்த ஊசியும் தொடங்கவில்லை. இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன் ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும் என்று தமிழில் அச்சடித்த அட்டை ஒன்றைக் கொடுத்து வைத்திருக்கிறோம். தட்டம்மை-ரூபெல்லா போன்ற வைரஸ் தடுப்பூசிகளுக்கு இருவருக்குமே தடையில்லை என்பதையும் அதில் எழுதினோம். இல்லாவிட்டால் பயத்தில் எல்லா ஊசியையும் நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாவது பிரசவம்

பையனுக்கு இரண்டு வயதாகும் சமயம் தாய் மறுபடி கருவுற்றார். ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம் என்று விளக்கி, கருவிலேயே சோதிக்கலாம் என்றோம். வேண்டாம் என்றார்கள், அத்தோடு விட்டோம். ஆனால் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தோம். பிரசவ வார்டில் அது கைப்பழக்கத்தில் நடந்துவிடும் காரியம். அதனால் தாயின் அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினோம், கிராம சுகாதார செவிலியரிடமும் நேரில் சொன்னோம். போலியோ சொட்டும் ஹெபடைட்டிஸ்-பி ஊசியும் பிறந்த அன்றே போடப்பட்டன. சோதனையில் குழந்தைக்கு ஒரு பிரதியில்தான் மாற்றம் என்று வந்தது; நோய் வராது. பத்தாவது வாரத்தில் பி.சி.ஜி. போட்டோம். ஒரு மாதம் தாண்டிய குழந்தை என்பதால் 0.05 அல்ல, 0.1 மில்லி. ஆறு வாரத்தில் கொப்புளம், மூன்று மாதத்தில் தழும்பு.

மாற்றியவை

பி.சி.ஜி. நெறி என்று வரும் குழந்தையில், ஊசி போட்ட பக்கத்துக் கக்கத்தைத் தாண்டி வேறெங்கும் நெறி கட்டினாலோ, எடை நின்றாலோ, பெற்றோர் நெருங்கிய சொந்தமாக இருந்தாலோ காத்திருப்பதில்லை. அதே வாரம் நோய் எதிர்ப்பியல் சோதனைகள் போகின்றன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் கக்கத்துச் சீழில் காசநோய்த் தொகுதி என்று அறிக்கை வந்தால், 'பி.சி.ஜி.யாக இருக்கலாம்' என்ற வரியை எங்கள் ஆய்வகமே அடியில் சேர்த்துவிடுகிறது. ஒரே வரிதான், ஆனால் வெளி மருத்துவர்களிடமிருந்து அதற்குப் பிறகு தொலைபேசி வருகிறது. ஐ.ஜி.ஆர்.ஏ.யில் கட்டுப்பாட்டுக் குழாய் பொய்த்தால் மறுமாதிரி கேட்கிறோம். இரண்டாம் தடவையும் பொய்த்தால் அதைக் குப்பையில் போடாமல் விசாரிக்கிறோம்.

கேட்பவர் யாரும் பி.சி.ஜி. ஆபத்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுப்பதாகக் காட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்தும் உடம்பெங்கும் பரவும் வகையிலிருந்தும் அது காக்கிறது. நான் பார்த்த காசநோய் மூளைக்காய்ச்சல் குழந்தைகளின் எண்ணிக்கை, இந்தக் குறைபாட்டுக் குழந்தைகளைவிட எத்தனையோ அதிகம்.

தற்போதைய நிலை

இன்டர்ஃபெரான் காமாவைப் பையனின் இரண்டாம் பிறந்தநாளுக்குப் பிறகு நிறுத்தினோம், காசநோய் மருந்துகளை அதற்கு ஆறு மாதம் கழித்து. பி.சி.ஜி. திரும்பவில்லை. சால்மொனெல்லா இன்னொரு முறை வந்தது. அட்டையைக் காட்டி முதல் நாளே கல்ச்சர் எடுக்க வைத்தார்கள், படுக்கையில் சேர்க்காமலே சரியானது. இப்போது நான்கு வயது, அங்கன்வாடிக்குப் போகிறான். வாய்ப்புண் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது.

சொந்தக்காரர்களைச் சோதிப்பதுதான் நகரவில்லை. தகப்பனின் சகோதரிகள் வீடுகளில் ஒருவர் மட்டும் வந்து ரத்தம் கொடுத்தார். மூத்த பெண்ணை இன்னொரு அத்தையின் மகனுக்கு என்று இப்போதே வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். அந்தப் பையனிடம் ஒரு பிரதி மாற்றம் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இருந்தால் அவர்கள் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இது வரலாம், இல்லாவிட்டால் ஒருவருக்கும் வராது. கல்யாணத்தை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, பையனுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறோம். அந்த வீட்டிலிருந்து இன்னும் யாரும் வரவில்லை.